ஏழாவது வண்டி

நம்பாதவங்க இத்தோட நிறுத்திக்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. எனக்கு வயசு ஐம்பத்தெட்டு. கண்ணு நல்லாத் தெரியும். குடிக்கிற பழக்கம் கிடையாது. யாராவது பேய், பிசாசுன்னு ஆரம்பிச்சா எழுந்து போய் பாத்திரம் கழுவுற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. போன நவம்பர் பதினாலாம் தேதி, மத்தியானம் மூணு மணிக்கு மேல. நார்வேயில எங்க பக்கம் அந்த மாசத்துல நாலு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. அதனால ராத்திரின்னே வச்சுக்கோங்க.

என் பேர் தூரித். புருஷன் பேர் எலிங். எங்களுக்குள்ள பெரிய சண்டைன்னு வந்தா அது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வரும். அவனோட கார். அறுபத்தெட்டுல செஞ்ச சின்ன சிவப்புக் கார். அக்டோபர் பாதி ஆனா போதும், அதை மலைக்கு அந்தப் பக்கம் என் சிநேகிதி குன்வோரோட கொட்டகைக்குக் கொண்டு போயிடுவான். குளிர்காலம் முழுக்க வண்டிகளை நிறுத்தி வைக்க அவ இடம் வாடகைக்கு விடுவா. பேட்டரியைக் கழட்டுவான். டயருக்குக் காத்து கூடுதலா அடிப்பான். படுக்கை விரிப்பால போர்த்துவான். அடியில ரெண்டு எலிப்பொறி வேற வைப்பான். எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட இந்தக் கவனிப்பு கிடைச்சதில்ல.

"பனிக்கு ரோட்டுல உப்பு கொட்டுறாங்க. அடித்தகடு முழுக்க அரிச்சிடும்"னு சொல்வான்.

"ஓடத்தானே காரு? வருஷத்துல பாதி நாள் தூங்க வைக்கவா வாங்கினே?"ன்னு நான் கேப்பேன். இருபது வருஷமா இதே பாட்டுதான்.

போன வருஷம் செப்டம்பர்ல ஏணியிலிருந்து விழுந்து வலது கையை உடைச்சுக்கிட்டான். மாவுக்கட்டு. ஓட்ட முடியாது. விடுவேனா நான்? ஆணி பதிச்ச பனி டயர் நாலு வாங்கி மாட்டி, முதல் பனியிலயே கடைக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன். அவன் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான், பெத்த பிள்ளையை யாரோ அடிக்கிற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு. ரெண்டு வாரம் இப்படிப் போச்சு. அப்புறம் குன்வோர் போன் பண்ணினா.

"ஏண்டி, உங்க இடம் மட்டும்தான் காலியா இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் நான் கொட்டகையைப் பூட்டிடுவேன். அப்புறம் வசந்தத்துலதான் திறப்பேன். வர்றீங்களா, இல்லையா?"

எலிங் என் முகத்தையே பார்த்தான். சரி, தொலையட்டும்னு கிளம்பினேன்.

மலை அடிவாரத்துல கேட்டு போட்டிருந்தாங்க. மேல புயல். இந்த மாதிரி நாள்ல தனியா யாரையும் ஏற விட மாட்டாங்க. பனி தள்ளுற லாரி முன்னாடி போகும், மத்த வண்டியெல்லாம் அது பின்னாடி வரிசையாப் போகணும். லாரிக்காரன் ஒட்வார் எங்களுக்குத் தெரிஞ்சவன்தான். ஒவ்வொரு வண்டியாக் குனிஞ்சு பார்த்துக்கிட்டு வந்தான்.

"இந்தப் பொம்மைக் காரைப் பனியில ஓட்டுறது யாரோட யோசனை?"

எலிங் மாவுக்கட்டுக் கையை என் பக்கம் நீட்டினான்.

"நினைச்சேன்"னான் ஒட்வார். அப்புறம் வழக்கமா சொல்றதைச் சொன்னான். "முன்னாடி வண்டியோட சிவப்பு விளக்கை விடாதே. அது நின்னா நீயும் நில்லு. என்ன ஆனாலும் இறங்காதே."

இந்தப் பக்கம் எண்ணுவான். அந்தப் பக்கம் இறங்கினதும் கேட்டுல நின்னு திரும்ப எண்ணுவான். ஒண்ணு குறைஞ்சாலும் லாரியைத் திருப்பிக்கிட்டு மேல வருவான். அந்த எண்ணிக்கையை நம்பித்தான் நாங்க எல்லாரும் மலை ஏறுறோம். அன்னைக்கு மொத்தம் ஏழு வண்டி. நாங்கதான் கடைசி. வழக்கமா கடைசி வண்டிக்குப் பின்னாடி இன்னொரு லாரி வரும். அன்னைக்கு அது பழுது.

மூணு இருபத்தஞ்சுக்குக் கேட்டைத் தூக்கினாங்க.

எங்களுக்கு முன்னாடி ஒரு உயரமான கறுப்பு வேன். பின்விளக்கு ரெண்டும் உசரத்துல, சதுரமா இருந்தது. முதல் அரை மணி நேரம் ஒரு தொல்லையும் இல்ல. எலிங்தான் தொணதொணன்னு வந்தான்.

"தாயே, கொஞ்சம் மெதுவா."

"இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னாலதான் போகணும். பேசாம வா."

நாலு மணிக்கு மேல எல்லாம் வெள்ளையாயிடுச்சு. வானமும் தெரியல, ரோடும் தெரியல. ரோட்டோரம் எங்கேன்னு காட்ட நட்டிருக்கிற கம்புகள்கூட தெரியல. முன்னாடி ரெண்டு சிவப்புப் புள்ளி மட்டும்தான். அதையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன்.

நாலு அஞ்சு இருக்கும். எனக்கு என்னமோ சரியாப் படல.

"எலிங், நமக்கு முன்னாடி அந்த வேன்தானே போச்சு?"

"ஆமா."

"விளக்கைப் பாரு."

கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பார்த்தான். அந்த ரெண்டு விளக்கும் இப்ப தாழ்வா இருந்தது. சின்னதா. வட்டமா.

வரிசையில யாரும் யாரையும் முந்த முடியாது. பனிச்சுவருக்கு நடுவுல ஒரு வண்டி போற அளவுக்குத்தான் வழி இருக்கும். அப்ப இது எங்கேருந்து வந்தது?

அப்புறம்தான் மத்ததெல்லாம் கண்ணுல பட்டது. முன்னாடி வண்டி போனா பனித்தூள் வாரி நம்ம கண்ணாடியில அடிக்கும். அடிக்கல. கீழே டயர்த்தடம் தெரியணும். என் விளக்கு வெளிச்சத்துல ரோடு மழுமழுன்னு கிடந்தது. ஒரு கோடு இல்ல.

"தூரித்..." எலிங் குரலைத் தாழ்த்தினான். "இடது விளக்கு மங்கலா இருக்கு."

"அதுக்கென்ன?"

"நம்ம வண்டியிலயும் இடதுதான் மங்கல்."

"வாயை மூடிக்கிட்டு வா."



நாலு பன்னிரண்டு. அந்த விளக்கு ரெண்டும் நின்னுது.

நானும் நின்னேன். அப்படித்தானே சொல்லியிருக்கு? முன்னாடி பனி மேடு ஏதாவது இருக்கும், லாரி தள்ளிக்கிட்டு இருக்கும்னு காத்திருந்தோம். அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். எங்க காரைச் சுத்திப் பனி ஏறிக்கிட்டே இருந்தது.

"எஞ்சினை நிறுத்து"ன்னான் எலிங். "புகைக்குழாய் மூடிடும். புகை உள்ள வந்தா அப்படியே தூங்கிச் செத்துடுவோம்."

நிறுத்தினேன். பேட்டரி தாங்காதுன்னு விளக்கையும் அணைச்சேன்.

அப்பதான் ஒண்ணு புரிஞ்சது. முன்னாடி வண்டியிலயும் எஞ்சின் சத்தம் இல்ல. காத்து மட்டும்தான். ஊஊ... ஊஊ...

ஹாரன் அடிச்சேன். எங்க கார் ஹாரன் சளி பிடிச்ச வாத்து மாதிரி கரகரன்னு கத்தும். ஊருக்கே அடையாளம் தெரியும்.

முன்னாடியிலிருந்து பதில் வந்தது.

அதே கரகரப்பு.

எலிங் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "எதிரொலி"ன்னான். நம்பாமத்தான் சொன்னான்.

"நான் இறங்கிப் பார்க்கிறேன்."

"வேண்டாம். இறங்கக் கூடாது."

"பத்து அடிதான். யாருன்னு கேட்டுட்டு வந்துடுறேன்."

கோட்டைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டு இறங்கினேன். காத்து முகத்துல அறைஞ்சது. குனிஞ்சபடி நடந்தேன். நடந்தேன். நிமிர்ந்து பார்த்தா அந்த விளக்கு அதே தூரத்துல இருக்கு. இன்னும் கொஞ்சம் போனேன். அதே தூரம்.

திரும்பிப் பார்த்தேன்.

எங்க கார் இல்ல.

எந்தப் பக்கம் வந்தேன்னே தெரியல. கத்தினேன். என் சத்தம் எனக்கே கேக்கல. அப்ப...

டக். டக். டக்.

எலிங் மாவுக்கட்டால ஜன்னலைத் தட்டிக்கிட்டு இருந்தான். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்து கதவைத் தொட்டேன். உள்ள விழுந்ததும் அழுதுட்டேன். அவனும் அழுதான். எங்க ரெண்டு பேருக்கும் அதைச் சொல்ல வெக்கம் இல்ல.

நாலு நாப்பத்தொண்ணு. என் கடிகாரத்தைப் பார்த்தேன், நல்லா ஞாபகம் இருக்கு. அந்தச் சிவப்பு விளக்கு நகர ஆரம்பிச்சது. சத்தமே இல்லாம.

"போகுது... எலிங், போகுது..."

சாவியைத் திருப்பினேன்.

க்ர்ர்... க்ர்... டக்.

மறுபடியும். டக்.

விளக்கு ரெண்டும் சின்னதாகி மறைஞ்சது.

"பயப்படாதே"ன்னான் எலிங். "ஒட்வார் கேட்டுல எண்ணுவான்ல. ஆறுதான் இருக்கும். உடனே திரும்பி வருவான். அஞ்சேகாலுக்குள்ள இங்க இருப்பான் பாரு."

அஞ்சேகால் ஆச்சு. வரல.

அஞ்சே முக்கால். வரல. போன்ல சிக்னல் இல்ல. பின் சீட்டுல காரைப் போர்த்தக் கொண்டு வந்த விரிப்பு இருந்தது. அதை ரெண்டு பேரும் சுத்திக்கிட்டோம்.

"வரலைன்னா?"

"வருவான். ஒண்ணு குறையுதே. எப்படி வராம இருப்பான்?"

ஆறரை. எலிங் பேசுறதை நிறுத்திட்டான். அதுவரைக்கும் அவன் பல்லு தந்தியடிச்சுக்கிட்டே இருந்தது. அதுவும் நின்னுது. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

அப்புறம் மெதுவா கையைக் கொண்டு போய் அவன் கோட்டு ஜிப்பைப் பிடிச்சான்.

"சூடா இருக்கு, தூரித்."

"கையை எடு."

"வேர்க்குது..."

"கையை எடுடா."

அவன் கை ரெண்டையும் என் மடியில போட்டு, மேல என் முழுப் பலத்தையும் வச்சு அமுக்கிக்கிட்டேன். என்னை விட்டுட்டுப் போயிடாதேன்னு திரும்பத் திரும்பச் சொன்னேன். காரைக் கொட்டகையில போடு, பட்டுத்துணியால வேணும்னாலும் போர்த்து, இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்னேன். அவன் கேட்டானான்னு தெரியல.

ஏழு அஞ்சுக்கு மஞ்சள் வெளிச்சம் சுத்திச் சுத்தி வந்தது. ஒட்வாரோட லாரி.

கம்பளியில சுருட்டி அப்படியே கோட்டும் பூட்ஸுமா எங்களைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரியிலதான் மத்ததைக் கழட்டினாங்க. எலிங்குக்கு இடது கால்ல ரெண்டு விரல் போச்சு. உயிர் பிழைச்சான். குளிர்ல சாகப் போறவங்களுக்குக் கடைசியில உடம்பு கொதிக்கிற மாதிரி இருக்கும், போட்டிருக்கிறதை எல்லாம் கழட்டி எறிஞ்சிடுவாங்கன்னு டாக்டர் சொன்னார். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா ரெண்டு பேரும் அப்படித்தான் கிடந்திருப்பீங்கன்னார்.

ரெண்டாம் நாள் குன்வோர் வந்தா. அவகூட ஒட்வாரும் வந்தான். வாசல்லயே நின்னுக்கிட்டான். என் முகத்தைப் பார்க்கல.

"ஏன் உடனே வரல?"ன்னு நான் அவனைத்தான் கேட்டேன். கோபமாத்தான் கேட்டேன். "ஆறுதானே வந்திருக்கும்?"

"ஆறுதான் வந்தது"ன்னான். "லாரியைத் திருப்பிட்டேன், தூரித். மேல ஏறப் போனேன். அப்ப... நாலு ஐம்பதுக்கு உங்க கார் இறங்கி வந்தது."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"சிவப்புக் கார். உங்க நம்பர். ஜன்னல் இறக்கியிருந்தது. நான் கிட்டப் போனேன். ஓட்டினது நீ. எலிங் உன் தோள்ல சாய்ஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தான். சரிதானேன்னு கேட்டேன். நீ தலையாட்டினே. ஏழு வண்டியும் வந்தாச்சுன்னு ரோட்டை மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

மீதியைக் குன்வோர் சொன்னா. கேட்டுலேருந்து அவ கொட்டகைக்குப் பத்து நிமிஷ வழி. ஒரே ரோடு. வேற எங்கேயும் திரும்ப முடியாது. அஞ்சரை வரைக்கும் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னுருக்கா. அப்புறம் ஒட்வாருக்குப் போன்.

"'வந்துட்டாங்க, நானே பார்த்தேன்'னு சாதிக்கிறான். 'வந்துட்டா என் தரை ஏன்டா காலியாக் கிடக்கு?'ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் டார்ச் எடுத்துக்கிட்டு ரோடு முழுக்கப் பள்ளத்துல தேடினோம். பனி மேல ஒரு தடம் இல்ல. இவன் மலைக்குப் போக மாட்டேங்கிறான், எண்ணிக்கை சரியா இருக்காம். 'நீ லாரியை எடுக்கிறியா, நான் டிராக்டரை எடுக்கட்டுமா'ன்னு கேட்ட பிறகுதான் கிளம்பினான்."

அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். அந்தக் காலி இடம் இல்லைன்னா காலையிலதான் எங்களைத் தேடியிருப்பாங்க.

குன்வோர் எழுந்து போகல. இன்னும் ஏதோ சொல்ல வந்து, ஒட்வாரைத் திரும்பிப் பார்த்தா. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"அந்த அஞ்சரை மணி போன்லயே இவன் ஒண்ணு சொன்னான்டி. உங்களைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி. 'தூரித்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு, இந்தக் குளிர்ல ரெண்டு பேரும் கோட்டு இல்லாம வெறும் சட்டையோட உட்கார்ந்திருக்காங்க'ன்னான்."

"என்ன சட்டை?"ன்னு கேட்டேன்.

ஒட்வார்தான் பதில் சொன்னான்.

"மஞ்சள் சட்டை. கழுத்துப் பட்டன்கிட்ட காபிக் கறை."

அன்னைக்குக் கிளம்புற அவசரத்துல சமையலறையில நின்னு குடிச்சப்போ சிந்தின காபி அது. மாத்த நேரமில்லாம மேல கோட்டைப் போட்டு ஜிப்பை இழுத்துட்டேன். எலிங்குக்குக்கூட அது தெரியாது.