கணவாயின் ஆயுளுக்கு நான் போட்ட இருபது

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் பார்த்த கடைசி வேலை, எதையாவது எதனோடாவது ஒப்பிடுவது. எங்கள் கம்பெனி வெப்சைட்டுகளுக்கு ஒப்பீட்டுப் பக்கங்கள் செய்து கொடுக்கும். முதலில் மொபைல் போன்கள். பிறகு ஒரு வெளிநாட்டு கிளையன்ட் கடல் பிராணிகள் கேட்டார். போனுக்குச் செய்த டெம்ப்ளேட்டையே எடுத்து, 'பேட்டரி' என்ற இடத்தில் 'ஆயுள்' என்று மாற்றினோம். கடைசியில் இருந்த 'எதை வாங்கலாம்?' என்பதை எடுக்க மறந்துவிட்டோம். ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை.

நான் க்வாலிட்டி செக்கர். அட்டவணையில் ஒரு செல் காலியாக இருந்தாலும், 'தெரியவில்லை' என்று இருந்தாலும் எழுதியவருக்குச் சிவப்பு போட வேண்டும். மூன்று சிவப்பு வாங்கினால் ப்ரொபேஷனில் இருப்பவருக்கு வேலை போகும். விதியைப் போட்டவர் டீம் லீட் மஞ்சுநாத். அதைக் கறாராகப் பிடித்துக்கொண்டவன் நான்.

ஆம்பூரிலிருந்து புதிதாக எழுத வந்த கயல்விழிக்கு அப்போது இரண்டு சிவப்பு. ஜூவாலஜி படித்தவள். வேலை போனால் பி.ஜி. விடுதியைக் காலி செய்து ஊருக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு வந்த ஜோடி, அண்டார்டிக் கடலின் கொலோசல் என்ற ராட்சதக் கணவாயும் யானை சீலும். எடையில் சீல் ஜெயித்தது. மூன்று இதயம் இருப்பதால் இதயத்தில் கணவாய் ஜெயித்தது. பெரிய எண்ணுக்குப் பச்சை டிக், அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம். சீல் கணவாயைத் தின்னும் என்று எழுத டெம்ப்ளேட்டில் இடமே இல்லை. கணவாயின் ஆயுள் செல்லில் கயல்விழி 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

கன்னடத்தில் தெரியாது என்பதற்குக் 'கொத்தில்லா' என்பார்கள். மஞ்சுநாத் அவளைக் கூப்பிட்டு, "கொத்தில்லான்னு எழுதறதுக்காம்மா உன்ன வேலைக்கு வெச்சோம்? ஏதாவது நம்பர் போடு" என்றார்.

"யாருக்குமே தெரியாது சார். அத உயிரோட பாத்தவங்களே ரொம்பக் கம்மி" என்றாள்.

நான் சிவப்பு போட்டேன். சீலுக்கு இருந்த இருபது வருடத்தையே கணவாய்க்கும் போட்டுப் பக்கத்தை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவள் ஐடி கார்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கியது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அடுத்த மாதம் கிளையன்ட் தரப்பு ஆய்வாளர் ஒருவர் அந்த இருபதுக்கு ஆதாரம் கேட்டார். தேடினோம். நாலு வெப்சைட்டில் இருபது என்றே இருந்தது. மஞ்சுநாத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் ஒவ்வொன்றின் அடிக்குறிப்பையும் படித்தேன். நாலும் எங்கள் பக்கத்தைப் பார்த்து எழுதியவை.

இது தெரிந்ததும், எல்லாப் பக்கங்களையும் மறுபடி சரிபார்க்காவிட்டால் ஒப்பந்தம் கிடையாது என்று கிளையன்ட் சொல்லிவிட்டார். "அந்தக் கொத்தில்லா பொண்ணக் கூப்பிடுங்க சார்" என்றார் மஞ்சுநாத். நான்தான் போன் செய்தேன். மன்னிப்பும் கேட்டேன். கயல்விழி சொன்னாள்:

"வரேன் சார். ஆனா செக்கரா வரேன். நீங்க செஞ்ச ஷீட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்."

அப்படியே ஆரம்பித்தாள். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குள் எனக்கு மூன்று சிவப்பு. ப்ரொபேஷனில் இல்லாததால் வேலை தப்பியது. ரிட்டயர் ஆகும்வரை அவளுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். தெரியாததைத் 'தெரியவில்லை' என்று எழுத ஐம்பத்தெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன். இப்போதும் அதை டைப் செய்யும்போது கை கொஞ்சம் தயங்குகிறது.