கொழுந்து லொறியின் பின்னால் போன மாப்பிள்ளை வீட்டார்

சித்திரை பிறந்துவிட்டால் அட்டனில் வாகனம் வைத்திருக்கும் அத்தனை பேரும் வாத்தியார்தான். நுவரெலியாவில் சீசன் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு இறங்கும் கார்கள், பிரேக்கில் புகை கிளம்ப ஓரங்கட்டி நிற்கும். நாங்கள் பிளேன்டீயும் கையுமாகப் போய்ச் சுற்றி நின்றுகொள்வோம். "இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதிச்சா அதுவும் பாவம் என்னங்க செய்யும்? ரெண்டாம் கியர்ல விடுங்க." வளைவில் ஹோர்ன் அடிக்க வேண்டும், பனியில் ஹெட் லைட்டைத் தூக்கிப் போடக் கூடாது, ஏறி வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். கேட்காமலே சொல்லுவோம். இதில் நான் எப்போதும் முன்வரிசை.

ஒரு வித்தையை மட்டும் வெளியாட்களுக்குச் சொல்வதில்லை. பனி அடர்த்தியாக இறங்கினால், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு லைட்டைப் பிடித்துக்கொண்டே போய்விடுவேன். மலையில் பலர் இப்படித்தான். முன்னால் போகிறவன் பள்ளத்தில் விழுந்தால் நாம் நின்றுகொள்ளலாம் என்கிற பெருந்தன்மைதான் இதன் அடிப்படை.

அப்படிப்பட்ட ஒரு சித்திரையில்தான் என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் எங்கள் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அதற்கு முன் வந்த இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். கினிகத்தேனையிலிருந்து வந்த இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிப் பார்த்தாள். வீட்டில் அதைக் கவனிக்காத ஆளில்லை. இந்த இடம் கைநழுவக் கூடாது என்று முடிவாயிற்று.

ஒரே சிக்கல், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மலை ரோட்டில் வண்டி என்றால் உயிர் போகும். முன்பு ஒரு இடத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது வேன்காரன் பறந்து பறந்து ஓட்டியதில், பெண்ணின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் "வேணாம்" என்று திரும்பிவிட்டாராம். ஆகவே அட்டன் பஸ் நிலையத்திலிருந்து தலவாக்கலைக்கு அந்தப் பக்கமுள்ள எங்கள் தோட்டம் வரை அவர்களை என் காரில் பத்திரமாகக் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அண்ணே, மெதுவா ஓட்டுங்க. வாயைத் தொறக்காதீங்க. அது போதும்" என்றாள் தங்கச்சி.

மெதுவாக ஓட்டினேன்.

மாப்பிள்ளையும் அவருடைய மாமாவும் பின் சீட்டில். அம்மா என் பக்கத்தில், கைப்பிடியைப் பிடித்தபடி. கொட்டகலை தாண்டியதும் பனி இறங்கியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. நான் கண்ணைக் கட்டிக்கிட்டே இந்த ரோட்டுல போவேன்" என்றேன்.

"கட்டாமயே போங்க தம்பி" என்றார் அவர்.

முன்னால் ஒரு லொறியின் சிவப்பு லைட்டுகள் தெரிந்தன. பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் நாலைந்து கார்கள், வெளியூர்க்காரர்கள், என் லைட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பெருமையாக இருந்தது.

கொஞ்ச தூரத்தில் வண்டி குலுங்கத் தொடங்கியது. "ரோட்டு வேலை நடக்குதுங்க" என்று விளக்கினேன். மாமா, "மரமெல்லாம் ரொம்பக் கிட்ட வருதே" என்றார். "அகலமாக்கப் போறாங்க" என்றேன். அம்மா மூக்கை உறிஞ்சி, "தேயிலை அரைக்கிற வாசம்" என்றார். "எங்க பக்கம் காத்தே அப்படித்தாங்க" என்று சொல்லி முடிக்கவும் லொறி நின்றது. அதன் பின்கதவு திறந்தது. கொழுந்துச் சாக்குகளை இறக்க ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மெயின் ரோட்டு வளைவில் லொறி தோட்டத்துப் பாதைக்குள் நுழைந்திருக்கிறது. நானும் விசுவாசமாகக் கூடவே நுழைந்து, தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் போய் நின்றிருக்கிறேன். சீசன்காரர்கள் அத்தனை பேரும் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஒரு சிங்களப் பெரியவர் கண்ணாடியை இறக்கி, நுவரெலியா பூங்கா இதுதானா என்று மரியாதையாகக் கேட்டார்.

காவல்காரர் டோர்ச்சை என் முகத்தில் அடித்தார். "என்ன அண்ணே, கொழுந்து கொட்ட வந்தீங்களா?"

"பொண்ணு பாக்க வந்தோம்" என்றார் மாமா.

"இங்க ஆபீசர் மட்டுந்தான் இருக்காரு. அவருக்கும் மீசை இருக்கு."

சாக்கு இறக்கியவர்கள் சாக்கைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. அம்மா சிரிக்கவில்லை. தங்கச்சி இரண்டாம் தரம் வாங்கிப் பார்த்த போட்டோ என் கண்முன் வந்து போனது.

வெளியே போவதுதான் உண்மையான கண்டம். பனிக்குள்ளிருந்து கார்கள் ஒவ்வொன்றாக மெயின் ரோட்டில், அதுவும் வளைவில், ஏற வேண்டும். அதுவரை ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கினார். காவல்காரரின் டோர்ச்சை வாங்கிக்கொண்டு, புதுச் சப்பாத்தோடு சேற்றில் நடந்து, வளைவுக்கு மேலே தள்ளிப் போய் நின்றார். முதல் கார் மூக்கை நீட்டிய நேரம், "நில்லு! நில்லு!" என்று கத்தினார். ஒரு பஸ் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கி, அவர் ஆட்டிய வெளிச்சத்தைப் பார்த்து முக்கி முனகி நின்றது. பிறகு கார்கள் ஒவ்வொன்றாகப் பத்திரமாக ஏறிப் போயின.

திரும்பி வந்தவர் அம்மாவைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஏறினார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, அடுத்தவன் லைட்டை விடுங்க. ஓரத்து வெள்ளைக் கோட்டை நான் பாக்குறேன். நான் சொல்றதக் கேட்டு நீங்க ஓட்டுங்க."

ஊர்ந்தோம். ஒரு வண்டி எங்களை முந்திப் போனபோது என் கால் தானாக அதன் பின்னால் போகப் பார்த்தது. "அண்ணே" என்றார் அவர். காலை எடுத்துக்கொண்டேன்.

வீடு போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. அப்பா வாசலில் என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் அச்சில் ஏற்ற மாட்டார்கள். தங்கச்சி தேநீர் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் முழங்கால் வரை சேறு, தலைமுடியில் பனித்தண்ணீர். மாமா நடந்ததை நடந்தபடியே சொன்னார், மீசை உட்பட. கேட்கக் கேட்க, அடக்கிய சிரிப்பில் அவள் கையிலிருந்த தட்டில் கோப்பைகள் குலுங்கின.

மாப்பிள்ளையின் அம்மா தேநீரைக் குடித்து முடித்தார்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. பொண்ணு மனசுதான் தெரியணும். அப்புறம் ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை காரை இந்தத் தம்பி ஓட்டக்கூடாது."

அப்பா வாயைத் திறக்குமுன் தங்கச்சி முந்திக்கொண்டாள்.

"சரிங்க அத்தை."

அவள் மனசு சம்மதித்ததை அப்படித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். எனக்காகப் பரிந்து பேச அந்த வீட்டில் ஒரு ஆள்கூட இல்லை.