என் பேட்ஜில் கோஸ்தா இருக்கும்

இன்றைக்குக் கடையில் வாய் திறந்து பேசிவிட்டேன்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, திருநெல்வேலியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலையில் எல்லோருக்கும் புதுப் பேட்ஜ் வந்தது. என்னுடையதில் ஜெனிபா கோஸ்தா என்று இருந்தது.

மேலாளர் அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏளா, இத்தாலிக்காரி பேரு மாதிரில்லா இருக்கு! வெறும் ஜெனிபான்னு மாத்திருவோம்” என்றார்.

கூட வேலை பார்க்கும் செல்வி அக்கா உடனே போனில் தேடினாள். “ஆமா அண்ணாச்சி, இத்தாலியில இந்தப் பேர்ல ஊருபட்ட குடும்பம் இருக்காம். மலைச்சரிவுல, கடற்கரையில இருந்தவங்களுக்கு வந்த பேராம். ஏட்டி, உங்க தாத்தா வெள்ளைக்காரரா?”

எல்லோரும் என் கறுத்த முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வழக்கமாக நான் குனிந்து சேலை மடிப்பேன். இன்றைக்கு நிமிர்ந்து பதில் சொன்னேன்.

“இல்லக்கா. எங்க கடலோர ஊரு உவரியில எங்காளுக அந்தக் காலத்துல ஞானஸ்நானம் வாங்கும்போது, ஞானத்தகப்பனா நின்ன போர்த்துகீசுக்காரரு தன் குடும்பப் பேரக் குடுத்தாராம். அவரு முன்னோரு இத்தாலியான்னு எனக்குத் தெரியாது. நாங்க மீன்பிடிக்கிறவங்கதான்.”

அதோடு நிறுத்தவில்லை.

“அண்ணாச்சி, எங்கப்பா கடலுக்குப் போயி திரும்பி வரல. அவரு எனக்கு விட்டுட்டுப் போனது இந்தப் பேரு மட்டுந்தான். அத எடுக்காதிய.”

அண்ணாச்சி, “குத்திக்கோ” என்று பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தார்.

வாங்கும்போதுதான் அவர் பேட்ஜைக் கவனித்தேன். ஊர்ப்பெயர், அப்பா பெயர், சாமி பெயர் என்று இரண்டு வரி!

அதை யாரும் சுருக்கச் சொல்லவில்லை போல. உங்கள் பெயரை யாராவது சுருக்கப் பார்த்தார்களா?