ஆயுத பூஜையன்று லிஃப்டுக்குள்

ஆயுத பூஜைக்கு ஊரெல்லாம் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கும். நாங்கள் லிஃப்டுக்கு வைப்போம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. கூட வேலை செய்பவர் ஒரே ஒருவர், என் வயதுக்காரர். மேற்பார்வை என் தலையில் என்பதால் என்னை அண்ணே என்பார். பூஜையன்று காலையில் இருவரும் உச்சியில் இருக்கும் மோட்டார் ரூமில் கூடுவோம். திருப்புளி, ஸ்பானர், லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் பரப்புவோம். பூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது. அந்த வருடம் கைப்பேசியையும் வைத்தேன். அதுவும் சோறு போடும் கருவிதானே என்று ஒரு பெரிய ஞானம்.

சாம்பிராணி போட்டால் அங்கிருக்கும் ஸ்மோக் டிடெக்டர் சும்மா இருக்காது. மோட்டார் ரூமில் புகை வந்தால் அது லிஃப்டைத் தரைத்தளத்துக்கு இறக்கிக் கதவைத் திறந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் வெளியேறிவிடலாம். அதற்குப் பிறகும் சூடு ஏறினால் ஹீட் டிடெக்டர் லிஃப்டின் மின்சாரத்தை வெட்டும். கடைசியில்தான் ஸ்பிரிங்க்ளர் தண்ணீரைக் கொட்டும். ஓடுகிற மோட்டாரில் தண்ணீர் பட்டால் பிரேக் வழுக்கும், லிஃப்ட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்த வரிசை. நான் என்ன செய்வேன் என்றால், ஸ்மோக் டிடெக்டருக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன், பூஜை முடிந்ததும் கழற்றுவேன். தப்பென்று தெரியும். வருடத்தில் அரை மணி நேரம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அன்று எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டோம். நான் போய் வாங்கி வருகிறேன், வந்த பிறகு சூடம் ஏற்றலாம் என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு லிஃப்டில் இறங்கினேன்.

மூன்றாம் மாடியில் டயாலிசிஸ் மையம் இருக்கிறது. அங்கே ஓர் அக்கா ஏறினார். முன்பு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்தவர், சுங்கை பினாங்கிலிருந்து வாரம் மூன்று நாள் வருவார். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்துவிட்டு வருகிறவர்களுக்கு நடையே தள்ளாடும். இடது கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. கதவு மூடி லிஃப்ட் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும், தூக்கிப் போட்டதுபோல் நின்றது. விளக்கு அணைந்து, சின்ன அவசர விளக்கு மட்டும் எரிந்தது. விழப் போனவர் கம்பியைப் பிடித்ததில் கை உரசி ஒட்டு கழன்றுவிட்டது. ரத்தம் பீச்சிக்கொண்டு வந்தது.

கட்டைவிரலால் பஞ்சை அழுத்திப் பிடித்தேன். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த அந்தக் கையில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை விரலே சொன்னது. அப்போதுதான் கட்டடத்தின் நெருப்பு மணி அடிக்கத் தொடங்கியது.

"என்னா தம்பி, லிஃப்ட் ரோசாக்கா? கெட்டுப்போச்சா?" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறதென்று கூட்டாளி எனக்காகக் காத்திராமல் சூடம் ஏற்றியிருக்கிறார். தாழ்வான கூரை, தட்டை உயர்த்திக் காட்டியிருப்பார், நேர் மேலே ஹீட் டிடெக்டர். புகைக்கு லிஃப்டை இறக்க வேண்டிய கருவி காலையில் நான் மாட்டிய பைக்குள் மூச்சடைத்துக் கிடக்கிறது. சூடம் மட்டும்தானா, இல்லை உண்மையிலேயே தீப்பிடித்து அவர் அதில் மாட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை. தண்ணீர் வருகிறதா என்று லிஃப்டின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உதவிப் பொத்தானை முழங்கையால் அழுத்தினேன். அது கீழே காவலாளியின் மேசையில் ஒலிக்கும். நெருப்பு மணி அடித்தால் காவலாளிதான் முதலில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டும், அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். போன் இல்லை, சாவி இல்லை, ஒரு திருப்புளிகூட இல்லை. பதினைந்து வருடமாக லிஃப்ட் பார்க்கிறவன் லிஃப்டுக்குள் வெறுங்கையோடு நின்றேன். காலால் கதவை உதைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. மெதுவாகத் தரையில் உட்கார வைத்தேன். கையை விடாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "தனியா இருந்திருந்தா செத்துருப்பேன் தம்பி. சாமிதான் ஒங்கள இதுல ஏத்திவிட்டுருக்கு."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

"ரோசாக் இல்லக்கா. நாந்தான் காரணம்," என்றேன். பையை மாட்டியதையும், அது இல்லாவிட்டால் லிஃப்ட் நேராகக் கீழே போய்க் கதவு திறந்திருக்கும் என்பதையும் சொன்னேன்.

அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். தன் வலது கையால் அழுத்தப் பார்த்தார். களைத்துப்போன விரலில் அதற்குப் பலமில்லை, சேலையெல்லாம் ரத்தமானது. நான் தொடப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே கையைத் திரும்ப நீட்டினார்.

"புடிங்க," என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

எங்கள் சத்தத்தைக் கேட்டது மூன்றாம் மாடித் தாதி. இயந்திரத்தில் இருக்கும் நோயாளிகளை விட்டுவிட்டு அவரால் எங்கே ஓட முடியும்? அவர் ஆள் அனுப்பியதில் கூட்டாளி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். மேலே தீ எதுவும் இல்லையாம். நான் வராமல் யாரும் மின்சாரத்தைத் திரும்பப் போடக்கூடாது என்று மோட்டார் ரூம் கதவில் நானே எழுதி ஒட்டியிருந்தேன். மனிதர் அதற்குக் கட்டுப்பட்டு இவ்வளவு நேரம் ரோடெல்லாம் என்னைத் தேடியிருக்கிறார். "அண்ணே, இப்ப போடலாமா?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அனுமதி கேட்டார். போடச் சொல்லிக் கத்தினேன். திரும்ப மேலே ஏறிப் போய்ப் போட்டார்.

கீழே கதவு திறந்தபோது இன்னொரு தாதி சக்கர நாற்காலியோடு தயாராக இருந்தார். கட்டட மேனேஜர் என் ரத்தக் கையைப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சூடத்தின் சூட்டில் ஹீட் டிடெக்டர் வேலை செய்துவிட்டது என்றேன். அது பொய்யில்லை. பையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாற்காலியில் இருந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் மீதியைச் சொல்வேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் கை கழுவப் போய்விட்டேன். கழுவிவிட்டு நேராக மேலே ஏறிப் பையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

அக்காவும் யாரிடமும் சொல்லவில்லை. கட்டடத்தில் இன்றைக்கும் எனக்கு நல்ல பெயர்தான். அவரால் மூன்று மாடிப் படி ஏற முடியாது, லிஃப்டை விட்டால் வேறு வழியில்லை. வாரம் மூன்று நாள் காலையில் வந்து, திறந்திருக்கும் லிஃப்டில் ஏறாமல் என்னைக் கூப்பிட்டனுப்புவார். நான் வந்து நின்றதும், "ஏறலாமா?" என்று கேட்பார். மோட்டார் ரூம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஏறுங்கக்கா என்பேன். அதற்கப்புறம்தான் ஏறுவார்.