கத்திரி படாத குருவிக்கூடு

எங்கள் பனியன் கம்பெனிக்கு ஒருவன் தாடியும் தலைமுடியுமாக வந்தால் மூன்றே காரணம்தான் சொல்வார்கள். பழநிக்கு நேர்ந்திருக்கிறான், இல்லை ஒரு பெண் கைவிட்டுவிட்டாள், அதுவும் இல்லையென்றால் வீட்டுக்காரி முழுகாமல் இருக்கிறாள். எனக்கு மூன்றாவது காரணம். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது புருஷன் தலையில் கத்திரி படக்கூடாது, முகத்தில் கத்தி படக்கூடாது. குழந்தை பிறந்த பிறகுதான் சலூன் நாற்காலி. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். முதல் தடவை எங்களுக்குத் தங்காமல் போனது. அதற்குப் பிறகு நான் காரணமெல்லாம் கேட்பதில்லை. மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் இப்போது மூலனூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். எழுந்து நடமாடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் முதலிபாளையத்தில் கட்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டு, வாடகை வீட்டில் எனக்கு நானே ரசம் வைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

முடி வளர்ப்பதற்கு இன்னொரு கதை உண்டு. அவள் இங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். அந்தக் காலத்துக் கதாநாயகர்கள் பக்க வகிடு எடுத்து, நெற்றிக்கு மேலே முடியைச் சுருட்டி உயர்த்தி வைத்திருப்பார்கள். குருவிக்கூடு என்று அதற்குப் பெயர். அவள் படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், அப்புறம் திரும்பி என் தலையைப் பார்ப்பாள்.

"ஏனுங்க, உங்களுக்கு இந்தக் குருவிக்கூடு வெச்சா நல்லா இருக்குமுங்க."

"என்ற தலைல குருவி உக்காரவே எடமில்லை. இதுல கூடு வேறயா?"

"வளத்துனா வளராதாக்கும்?"

வளர்க்க முடியாது. கட்டிங் டேபிளில் துணியை அடுக்கி அறுக்கும்போது பறக்கிற பஞ்சு முழுவதும் தலையில்தான் வந்து உட்காரும். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் கிழவனாகி இருப்போம். அதனால் எங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் ஒட்ட வெட்டின முடிதான். இருந்தாலும் அவள் ஆசைக்காக ஒரு தரம் பஸ் ஸ்டாப் சலூனுக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் பீகார்காரர், தமிழை எங்கள் கம்பெனி ஆட்களிடமே கற்றுக்கொண்டவர். என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது பழைய ஸ்டைல். இப்ப பசங்க மறுபடி கேக்கறாங்க. சைடு கம்மி, மேல நெறைய. உங்களுக்கு மேலயும் கம்மி. நான் எங்க இருந்து எடுக்கும்?" என்றார். கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிவாள், நம்மிடம் என்ன இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது இருக்கிறது. கண்ணை மறைக்கிற அளவுக்கு இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டியவள்தான் இங்கே இல்லை.

தினமும் போனில் அவள் முதலில் கேட்பது சாப்பாட்டை அல்ல. "முடி எதுவரைக்கும் வந்துச்சு?" என்பாள். மூக்கைத் தொடுகிறது என்பேன். "போட்டோ அனுப்புங்க" என்பாள். அனுப்பவே இல்லை. வீடியோவில் கூப்பிட்டால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பேசுவேன். அவள் திட்டுவாள். நான் சொல்லவில்லை, ஆனால் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. குருவிக்கூட்டோடு போய் அவள் முன்னால் நிற்க வேண்டும். அதைப் பார்க்கிற நேரத்தில் அவள் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்க்க வேண்டும். போனில் அனுப்பிவிட்டால் அந்த முகம் மூலனூரிலேயே மலர்ந்து மூலனூரிலேயே அடங்கிவிடும்.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. ஒவ்வொரு ஞாயிறையும் ஷிப்மென்ட் விழுங்கிக்கொண்டே இருந்தது. நாள் நெருங்கிவிட்டது. குழந்தை பிறந்த கையோடு முடியை எடுத்துவிட வேண்டும் என்று மாமியார் வீட்டில் இப்போதே பேச்சு. இந்த ஞாயிறு அரை நாள் வேலை என்றார்கள். இதை விட்டால் அவள் குருவிக்கூட்டைப் பார்க்கப்போவதே இல்லை.

ஞாயிறு காலையில் வேலைக்கு முன்னால் சலூனுக்குப் போனேன்.

"கத்திரி வேணாம். கத்தி வேணாம். குருவிக்கூடு மட்டும் வேணும்" என்றேன்.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "கத்திரி வேணாம், கத்தி வேணாம், அப்பறம் நான் எதுக்கு அண்ணா? சைடு எல்லாம் காது மேல தொங்குது. இது குருவி கூடு இல்ல, காக்கா கூடு."

"சம்சாரம் மாசமா இருக்குதுங்க."

அவ்வளவுதான், அவர் எதுவும் கேட்கவில்லை. கத்திரியை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். தண்ணீர் அடித்து, வகிடு எடுத்து, பக்கவாட்டு முடியைக் கிரீம் போட்டுக் காதுக்குப் பின்னால் படிய வைத்து, முன்முடியை டிரையரில் காட்டிக் காட்டிச் சுருட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். தாடியோடு சேர்த்துப் பார்த்தால் கீழே சாமியார், மேலே கதாநாயகன். ஆனாலும் நன்றாக இருந்தது.

கம்பெனியில் மதியம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. ஃபேன் காற்றும் பஞ்சும் சேர்ந்து கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நான் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று அதைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதை அயன் மாஸ்டர் பார்த்துவிட்டார். தென்காசிப் பக்கத்து ஆள்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்கவா போறீய?"

"பொண்டாட்டிய பாக்கப் போறனுங்க."

"அதுக்கா இம்புட்டுப் பாடு! வாங்க இங்கன."

இஸ்திரி மேஜைக்குக் கூட்டிப்போனார். தையல் நூல் தீர்ந்துபோன காலி கோன் ஒன்றை எடுத்து, என் முன்முடியை ஈரப்படுத்தி அதில் சுற்றினார். இரண்டு கிளிப் குத்தினார். அப்புறம் ஸ்டீம் அயனைத் தூக்கிப் பிடித்துத் தூரத்திலிருந்து ஆவியை மட்டும் விட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், சுட்டுப்போடாதீங்கொ."

"சும்மா ஆடாம இரிங்க. வெளிநாட்டுக்காரன் சட்டைக் காலரையே நிக்க வெச்சவன் நான். ஒம்ம மயிரு நிக்காதா?"

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறவிட்டுக் கோனை உருவினார். நின்றது. பீகார்காரர் பார்த்திருந்தால் தொழிலை மாற்றிக்கொண்டிருப்பார்.

ஹெல்மெட் போட்டால் நசுங்கிவிடும் என்று வண்டியைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். தாராபுரத்தில் மாறி, ஜன்னலோர சீட்டு காலியாக இருந்தும் காற்றுக்குப் பயந்து உள்பக்கம் உட்கார்ந்தேன். வழியில் ஒருவர் முருங்கைக்காய்க் கட்டோடு ஏறி என் தலைக்கு நேராக நின்றார். பஸ் குலுங்கும்போதெல்லாம் காய் நுனி கூட்டை நோக்கி வந்தது.

"பாத்துங்க, பாத்துங்க" என்று கையை மேலே வைத்துக் காத்தேன்.

"தலைல என்னங்க, அடி கிடி பட்டிருக்குதுங்களா?" என்றார் அவர்.

"இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது."

மாமியார் வாசலில் என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். "வாங்க மாப்ள. இதென்ன கோலமுங்க!" அப்புறம் உடனே குரலைத் தாழ்த்தினார்கள். "இப்பத்தானுங்க கண்ணசந்தா. நாலஞ்சு நாளா பொட்டுத் தூக்கமில்லை. பொரண்டு படுத்தா இடுப்புல நோவுங்கறா. எழுப்பட்டுங்களா?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். இடது பக்கமாக ஒருக்களித்து, வயிற்றுக்கு அணைவாக ஒரு தலையணை வைத்துப் படுத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. முகம் கொஞ்சம் ஊதி, வேறு யாரோ போலவும் அவள் போலவும் இருந்தாள்.

"வேண்டாமுங்க அத்தை. தூங்கட்டும்."

கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவளுக்காக ஃபேனை மெதுவாக வைத்திருந்தார்கள். நல்ல வெயில் நேரம். நெற்றியில் வேர்வை கோத்தது. முதலில் காதோரத்து முடி பிரிந்து தொங்கியது. அப்புறம் முன்னால் இருந்த சுருள் இளகுவது தெரிந்தது. கையால் தாங்கிப் பிடித்தேன், கை வலித்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒரு தரம் இருமலாமா என்று நினைத்தேன். கட்டிலை லேசாகக் காலால் இடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அவள் மூச்சு சீராகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு. முழுவதும் சரிந்து முடி புருவத்தில் வந்து விழுந்தபோது, சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு கண் விழித்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

சமையல்கட்டிலிருந்து மாமியார் குரல் வந்தது. "மத்தியானமே வந்துட்டாரு கண்ணு! குருவிக்கூடெல்லாம் வெச்சு, ராசாவாட்டம்!"

அவள் என் தலையைப் பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை. நெற்றியில் ஒட்டின முடிதான்.

"எழுப்பறதுக்கென்ன?"

"நீ தூங்குனதே பெருசுன்னு அத்தை சொன்னாங்க."

"எங்கம்மா பாத்துட்டாங்க. வழியில போறவங்கல்லாம் பாத்திருப்பாங்க. நாந்தான் பாக்கல." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் திரும்பாமலேயே, "இங்க குனிங்க" என்றாள்.

குனிந்தேன். அவள் இந்தப் பக்கம் திரும்பி, விரலால் வகிடு எடுத்தாள். முன்முடியைச் சேர்த்துப் பிடித்துச் சுருட்டி மேலே வைத்தாள், விட்டதும் விழுந்தது. மறுபடி சுருட்டினாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி, என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். விழுந்தது.

"நிக்க மாட்டேங்குதே" என்றாள்.

"நிக்கும், மெதுவா வையி."

மாமியார் வந்து கடைசி பஸ்ஸை ஞாபகப்படுத்தினார்கள். போலாமுங்க அத்தை என்று குனிந்தபடியே சொன்னேன். சட்டைப் பையில் சீப்பு இருந்தது. எடுக்கவில்லை. சீப்பைக் கொடுத்தால் சீக்கிரம் முடித்துவிடுவாள்.