சிறைப் பட்டியலும் ஜெபப் பட்டியலும்

ஊரில் ஒவ்வொருவர் குற்றத்தையும் தெரிந்து வைத்திருக்கிற ஒருத்தி உண்மையில் எதைத் தெரிந்து வைத்திருக்கிறாள்? வெர்லீன் ஸ்டக்கியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுகாலம் அது அவள் காதில் விழவில்லை.

அலபாமாவின் தெற்கே, வேர்க்கடலை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்கே பள்ளிச் சமையலறையில் அவளுக்கு வேலை. காலையில் பிஸ்கட் ரொட்டியை அடுப்பில் தள்ளியதும் கைபேசியை எடுத்துவிடுவாள். முந்தின இரவு சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் படங்கள் மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிப்பின் அலுவலக இணையதளத்தில் வரிசையாக இருக்கும். கூடவே பெயர், வயது, குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை. பழைய படங்களும் அங்கேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சட்டம் அதை மக்களின் உரிமை என்கிறது. அந்த ஊர் அந்த உரிமையைக் காபியோடு சேர்த்து உறிஞ்சியது. ஓட்டுப் போடும் உரிமைக்குக்கூட அவ்வளவு காலையில் எழுந்தவர்கள் இல்லை.

மற்றவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். வெர்லீனுக்குப் பக்தி இருந்தது, ஆகவே விடமாட்டாள். புதன்கிழமை மாலை ஜெபக் கூட்டத்தில், யாருக்காவது ஜெபம் வேண்டுமா என்று போதகர் கேட்டதும் அவள் கைதான் முதலில் உயரும்.

"நம்ம டிட்மோர் வீட்டு ராய்ஸுக்காக எல்லாரும் ஜெபிக்கணும். பாவம், சனிக்கிழமை உள்ள தூக்கிப் போட்டுட்டாங்க. திருட்டுன்னு போட்டிருக்கு. நான் யாரையும் குறை சொல்லல."

பக்கத்தில் இருந்த நெல்டா, கண்ணை மூடியபடியே காதைக் கொடுத்தாள். "என்னத்தத் திருடினானாம்?"

"டிராக்டர் பேட்டரியாம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, தூக்கமே இல்ல. ஜெபத்துக்குத்தான்டி சொல்றேன், வெளிய சொல்லிடாத."

ஆமென் சொல்லி முடித்த வாய்கள் வாசலுக்கு வந்ததும் வெளியே சொல்லின. ராய்ஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். அடுத்த வாரமே சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் அவன் கோழிப்பண்ணையில் எரு அள்ளினான். வெர்லீன் அவனைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "உனக்காக ஜெபிச்சிட்டிருக்கேன் ராய்ஸ்," என்பாள். அவன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவான்.

இணையதளத்தின் சிறைப் பக்கம் கைதை மட்டும்தான் சொல்லும். வழக்கு என்ன ஆயிற்று என்பது சிறைக்கு எதிரே இருக்கிற நீதிமன்றத்தில் இருக்கிறது. எழுத்தர் ஜன்னலுக்குப் பக்கத்தில் பொதுமக்களுக்கென்றே ஒரு கணினி வைத்திருந்தார்கள். பெயரைத் தட்டினால் முடிவு வரும். ஆனால் அதற்குத் தெருவைக் கடக்க வேண்டும். அந்த ஊரில் அதற்காகத் தெருவைக் கடந்தவர் யாருமில்லை. கைதில் சுவை இருக்கிறது. வழக்கு தள்ளுபடியானதில் என்ன இருக்கிறது?

சில வருடங்கள் கழித்து, ஜூலையில் ஒரு நாள், பின்விளக்கு எரியாத அவள் வண்டியை ஷெரிப்பின் ஆள் ஒருவன் நிறுத்தினான். அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த ட்ரூ.

"மிஸ் வெர்லீன், உங்க பேர்ல வாரன்ட் இருக்கு. கோர்ட்டுக்கு வரலைன்னு. வேகமா ஓட்டின கேஸாம்."

"எனக்கு ஒரு கடுதாசியும் வரலையேடா. உனக்கு மக்ரோனி எப்பவும் ஒரு கரண்டி கூட வெச்சவடா நான்."

"மறக்கல மேடம். கைய பின்னால வைங்க."

சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஆனால் படம் எடுத்தாயிற்று. தலைமுடி ஒருபக்கம் நசுங்கி, வாய் லேசாகத் திறந்து, ஊர் முழுவதன் கைபேசியிலும் அவள் இருந்தாள். புதன்கிழமை நெல்டா கையை உயர்த்தினாள். "நம்ம வெர்லீனுக்காக... பாவம்." குரலில் அதே தேன். நெல்டா அதை யாரிடம் கற்றாள் என்பது மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியும்.

பள்ளி முதல்வர் சுற்றி வளைக்கவில்லை. "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள அந்த ஷெரிப் வெப்சைட்லருந்து உங்க பேர் போயிடணும். இல்லன்னா போர்டு ஒத்துக்காது." கணவன் இறந்தபிறகு அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த வேலையும் அதோடு வந்த மருத்துவக் காப்பீடும்தான்.

நீதிபதி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் முகவரி மாறியதைச் சொல்லியிருந்தும் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போயிருந்தது. தவறு நீதிமன்றத்துடையது. வழக்கு தள்ளுபடி.

ஜன்னலில் இருந்த எழுத்தர் டெனீஷா சிரித்தாள். "கவலைய விடுங்க மிஸ் வெர்லீன். ஒரு மனு எடுத்துட்டு வரேன், கையெழுத்துப் போடுங்க. கேஸ யாரும் பாக்க முடியாம மூடி வெச்சிடுவாங்க, அந்தப் படமும் போயிடும். காசுகூட வேண்டாம்னு ஜட்ஜே சொல்லிட்டாரு. அதுவரைக்கும் அங்க உக்காருங்க."

அங்கே என்றால் அந்தக் கணினியின் முன்னால். கை சும்மா இருந்து பழகியதில்லை. முதலில் தன் பெயரைத் தட்டினாள்: தள்ளுபடி. பிறகு, பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கிற அதே கையரிப்பில்தான், டிட்மோர் என்று தட்டினாள். ஆள் மாறிப் பிடிக்கப்பட்டார், வழக்கு தள்ளுபடி. தேதியும் இருந்தது. அவள் ராய்ஸுக்காக முதன்முதலில் கை உயர்த்திய அந்தப் புதன்கிழமை, காலையிலேயே வழக்கு முடிந்திருந்தது.

"யாரையாவது தேடறீங்களா?" மனுவோடு வந்த டெனீஷா கேட்டாள்.

"இல்ல கண்ணு. பழக்கதோஷம்."

வெர்லீன் மனுவை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பக்கத்துத் திரையில் ராய்ஸின் பெயர் இன்னும் இருந்தது. பேனாவை எடுத்தாள். வைத்தாள்.

"எழுதலையா? வேற தரட்டுமா?"

"எழுதுது."

காகிதத்தை ஜன்னலுக்குள் திருப்பித் தள்ளிவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள அவள் இடம் வைக்கவில்லை. ராய்ஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்ததை ஜெபக் கூட்டத்திலும் சொல்லவில்லை. பள்ளி திறந்தபோது சமையலறையில் கரண்டி நெல்டாவின் கையில் இருந்தது. அகம்பாவம் என்றார் போதகர். கிறுக்கு என்றது ஊர். டெனீஷா இருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, மனு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது என்றாள். "தெரியும் கண்ணு," என்று சொல்லி வெர்லீன் போனை வைத்தாள். கையெழுத்துப் போட அவள் போகவில்லை.