விளையாட்டு அறையில் தூங்கியவர்

குன்னூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோடை விடுமுறைக்கு மட்டும் சொகுசு விடுதி ஒன்றில் வேலை பார்த்தேன். பழைய எஸ்டேட் பங்களாவைச் சுற்றிப் புதுக் கட்டடங்கள் எழுப்பி, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி கண்ணாடிச் சன்னல் வைத்த அறைகள் கட்டியிருந்தார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக ஒரு விளையாட்டு அறையும் உண்டு. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கணவருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட். அதனால் அவளைக் கட்டபெட்டில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். சீசன் நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, செவ்வாய் மட்டும்தான். அன்று காலை பஸ்ஸைப் பிடித்துப் போய் அவளைப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பிவிடுவேன்.

ஓய்வெடுக்க வருகிறவர்கள் களைத்துத்தான் வருவார்கள் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்திருக்கும். குளிருக்கு எடுத்து வைத்த சட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். விடுதியில் எல்லாம் கேட்டதும் வரும், ஆனால் பிள்ளைக்கு மிளகு போடாத சாதம் வேண்டும் என்று யாராவது கேட்டாக வேண்டுமே. அந்தக் கேட்கிற வேலையும் அம்மாக்களுடையதாகவே இருந்தது.

அப்படித்தான் ஒரு ஞாயிறு காலை, சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்மணி இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. தினமும் பதினோரு மணிக்குத் தனக்கு மசாஜ் இருப்பதாகவும், கணவர் ஏற்பாடு செய்திருப்பதாகவும் சொன்னார். சின்னவளின் ஷூவைக் கழற்றக் கீழே உட்கார்ந்தவர், கழற்றிய பிறகும் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி அப்படியே இருந்தார்.

"மேடம், மசாஜுக்கு நேரமாச்சுங்க" என்றேன்.

"அங்க போனா எந்த எண்ணெய் வேணும், எப்படி இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. எனக்குப் பதில் சொல்ல முடியல. இங்கயே கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?"

பிள்ளைகள் கதை கேட்க உட்காரும் பாய் மூலையில் கிடந்தது. அதில் படுத்தார். துப்பட்டாவை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டவர், ஒரு மணி வரை அசையவில்லை. பெரியவள் மற்ற பிள்ளைகளிடம் போய், சத்தம் போடாதீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம், "அம்மாவுக்கு வீட்டுல தூக்கமே வராது ஆன்ட்டி" என்றாள்.

மறுநாளும் வந்தார், படுத்தார். அன்று மழை. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இத்தன பெரிய ரூம் குடுத்திருக்கறோம். கெஸ்ட் தரையில படுத்திருந்தா பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"சின்னப் பாப்பா அம்மாவ உட்டுட்டு இருக்க மாட்டீங்குதுங்க சார்" என்று பொய் சொன்னேன். அந்தக் குழந்தை அப்போது களிமண்ணில் இட்லி செய்துகொண்டிருந்தது.

அன்று மாலை கிளம்பும்போது அந்தப் பெண்மணி கேட்டார், "நாளைக்கு இருப்பீங்கல்ல?"

மறுநாள் செவ்வாய். இருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "இருப்பனுங்க" என்று வாயில் வந்துவிட்டது. அக்காவுக்குப் போன் செய்து, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

செவ்வாய் பதினொன்றரைக்கு அவருடைய கணவர் வந்தார். மூன்று நாளாக மேடம் வரவே இல்லை என்று மசாஜ் அறையிலிருந்து அவருக்குப் போன் போயிருந்தது. வாசலில் நின்று பாயில் கிடந்த மனைவியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன்.

"எத்தனை நாளா?" என்றார் மெதுவாக.

"மூணு நாளுங்க சார்."

"எழுப்பாதீங்க."

ஊட்டிக்குப் படகுச் சவாரி போகக் கார் காத்திருந்ததாம். இரண்டு பெண்களையும் தானே கூட்டிக்கொண்டு கிளம்பினார். சின்னவளுக்கு ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டார். சரி செய்யப் போனேன். பெரியவள் முந்திக்கொண்டாள்.

பிள்ளைகளின் அம்மா விழித்தபோது மூன்று மணி. பிள்ளைகளைக் காணாமல் வெறுங்காலோடு புல்வெளி வரை ஓடிவிட்டார். பின்னால் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"கோவமா போனாரா?"

"இல்லீங்க. எழுப்ப வேண்டாம்னு சொல்லீட்டுத்தான் போனாருங்க."

அவர் நம்பவில்லை. திரும்பி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், சிதறிக் கிடந்த கலர் பென்சில்களை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கினார். கொஞ்சம் கழித்து, "உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்றார்.

"ஒரு பொண்ணுங்க. கட்டபெட்டுல எங்கக்கா ஊட்டுல இருக்கறா."

"எப்பப் போய்ப் பாப்பீங்க?"

"இன்னைக்குப் போறதா இருந்ததுங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கை நின்றுவிட்டது. "எனக்காகவா இருந்தீங்க?" என்றார். ஒரு பச்சைப் பென்சிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். "ஏன் சொல்லல?" என்று மறுபடி கேட்டார். யாராவது நாளைக்கு இருப்பாயா என்று கேட்டால் இருப்பேன் என்று சொல்லியே எனக்குப் பழக்கம். அவருக்கும் அந்தப் பழக்கம்தான் என்று தோன்றியது. இரண்டு பேரும் மிச்சப் பென்சில்களை அடுக்கினோம்.

புதன்கிழமை அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். கார் ஏறும் முன் அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்தார். கணவர் சின்னவளைத் தூக்கி வைத்திருந்தார். வாந்திக்கான பிளாஸ்டிக் பை அவருடைய சட்டைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய் கட்டபெட்டுக்குப் போனேன். மகள் ஓடி வரவில்லை. அக்காவின் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கட்டத்தில் கல்லை எறிந்தாள். ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்து, வாயைத் திறந்து காட்டினாள். முன்பல் ஒன்று இல்லை.

"எப்பச் சாமி விழுந்துச்சு?"

"நீ வரலைன்னு சொன்னியே, அன்னைக்கு. பெரியம்மா சாணியில உருட்டிக் குடுத்துச்சு. நானே கூரை மேல எறிஞ்சுட்டேன்."

ஷீட் கூரையில் அது உருண்ட சத்தத்தையும் செய்து காட்டினாள். வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஈறில் விரலை வைத்துப் பார்க்கலாமா என்றதற்கு, கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.